மில் காலனி உறைமோர்

சர்க்கரை குறைந்த காரணத்தால் ஒரு மருந்து தோற்றுப்போன கதை இது. கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவளே நான்தான் என்பதால் சிரிக்க முடியவில்லை.

என் பெயர் முத்துக்கனி. மருந்துச் சோதனைகளுக்குப் புள்ளியியல் பார்ப்பவள். யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் மாவு என்று குலுக்கிப் போடுவதும், கடைசியில் எது ஜெயித்தது என்று சொல்வதும் என் வேலை. பதினாறு வருஷத்தில் என் கணக்கு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. யாரும் இதைச் சொல்லாத நாட்களில் நானே சொல்லிக்கொள்வேன்.

இந்தத் தடவை மருந்து என்பது ஒரு தயிர் உறை. டாக்டர் ரகோத்தமன் பதினான்கு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த ஒரு பாக்டீரியா. முதல் நாள் அவர் அறையில் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"ரொம்ப சிம்பிள், கனி. சாப்பிட்டதும் குடல்ல சர்க்கரை ஏறுது இல்லையா? என் ஆளு அதை மோப்பம் பிடிச்சு, எழுந்திரு, வேலை வந்திருக்குன்னு கணையத்தைத் தட்டி எழுப்புவான். சர்க்கரை இறங்கினதும் பேசாம படுத்துடுவான்."

"அவன் பாட்டுக்கு ஊரெல்லாம் பரவிட்டா?"

"பரவ முடியாது. நான் குடுக்கிற பொடியைத் தவிர அவனுக்கு வேற எதுவும் செரிக்காது. அப்படித்தான் செஞ்சிருக்கேன். அந்தத் தீனியை நிறுத்தினா பத்து நாள்ல செத்துடுவான். சாவி நம்ம கையில."

"இன்சுலின் போடுறவங்க?"

"அவங்களைச் சேர்க்கவே கூடாது. ஊசியும் இவனும் சேர்ந்தா சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிடும்."

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் தொழிலாளர் காலனியைத் தேர்ந்தெடுத்தோம். எட்டு லைன், அறுபத்திரண்டு வீடு. பெரியவர்கள் பிள்ளைகள் எல்லோரும் சேர்த்து இருநூற்றுப் பதினோரு பேர். அதில் மாத்திரை மட்டும் சாப்பிடுகிற சர்க்கரைக்காரர்கள் எழுபது பேர் சோதனைக்குச் சம்மதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ உறையும் நிஜத் தீனியும். மீதிப் பேருக்குச் சாதாரண உறையும் சோள மாவும். டப்பாவின் அடியில் ஒரு எண் மட்டும் இருக்கும். எது எதுவென்று அவர்களுக்கும் தெரியாது, டப்பா கொடுக்கப் போன எங்கள் பெண்களுக்கும் தெரியாது. உறையைப் பாலில் ஊற்றித் தயிர் ஆக்கிக்கொள்ள வேண்டும். தீனியைத் தினம் மூன்று கரண்டி சாப்பாட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். வாராவாரம் எங்கள் பெண்கள் போய் டப்பாவை நிறுத்துப் பார்ப்பார்கள்.

ஆறு மாதம் கழித்து முடிவைத் திறந்தோம். நிஜ உறை சாப்பிட்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. சோள மாவு சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு இறங்கியிருந்தது. வித்தியாசம் சுத்தமாகப் பூஜ்யம். வித்தியாசம் இல்லையென்றால் மருந்து இல்லை. அனுமதிக் குழுவில் ஒருவர், நாலு பேர் வந்து விசாரித்த சந்தோஷத்தில் இறங்கியிருக்கும் என்றார். மூன்று வாரத்தில் விளக்கம் கொடுங்கள், இல்லாவிட்டால் மூடிவிடுங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

மாவைச் சாப்பிட்டு யாருக்கும் இந்த அளவு இறங்காது. எனக்கு அது நிச்சயம். அதனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நானே காலனிக்குப் போனேன்.

பத்து நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். நல்ல சித்திரை வெயில். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், தினமும் தவறாமல் பொடி சாப்பிடுகிறோம் என்று சத்தியம் செய்தார்கள். ஒருத்தர் பதிலும் இன்னொருத்தர் பதிலும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. கேள்வித்தாள் கேட்டுப் பதினாறு வருஷம் ஆன எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. எல்லோரும் ஒன்றாகச் சொல்கிற பதிலை யாரோ ஒருவர் முதலில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பதினோராவது நாள் நாலாம் லைன் கடைசியில் இருந்த கிரைண்டர் ஷெட்டுக்குப் போனேன். மில்லில் மூன்று ஷிப்ட். பெண்கள் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுக்கு வீடு மாவாட்ட நேரம் கிடையாது என்று காலனிக்கே பொதுவாக ஒரு பெரிய கிரைண்டர் வைத்திருந்தார்கள். அரிசியும் உளுந்தும் கொடுத்தால் மாவாக வாங்கிக்கொண்டு போகலாம். அதைப் பார்த்துக்கொள்பவர் பேச்சித்தாய். ஐம்பது வயதைத் தாண்டியவர். மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவர், காலில் புண் வந்து நிற்க முடியாமல் போனதால் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தவர். எந்த மாத்திரையும் அவருக்குச் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷம் ஆறாத புண். பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் நாள்கூடக் குறித்திருந்தார்கள்.

இப்போது அந்தப் புண் முக்கால்வாசி மூடி, ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. அவர் டப்பாவின் எண்ணை என் பட்டியலில் பார்த்தேன். சோள மாவு.

"அக்கா, ஒண்ணு கேக்கிறேன், உண்மையைச் சொல்லணும். இந்தப் பொடியை எப்படிச் சாப்பிடுறீங்க?"

பேச்சித்தாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பொய் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

"அத வெறுமன திங்க முடியுமா மேடம்? வெள்ளையடிச்ச செவத்த நக்குன மாதிரில்லா இருக்கு."

"அப்போ டப்பா எப்படி வாராவாரம் காலியாச்சு?"

"நீங்கதான் தராசோட ஆள் அனுப்புதீங்களே! காலியாகலன்னா அந்தப் பிள்ளைக்கு மொகம் வாடிப்போகும். பாவமா இருக்கும். அதான் எல்லாரும் இங்ஙன கொண்டாந்து தட்டிருவாவ." பக்கத்தில் இருந்த நீல டிரம்மைத் தட்டிக் காட்டினார். "நான் ஆட்டும்போது மாவோட சேத்து விட்டுருவேன். பொறவு நாந்தான் எல்லார்ட்டயும் சொன்னேன், கேட்டா சாப்பாட்டுல போடுதோம்னு சொல்லுங்கன்னு. பொய் இல்லைல்லா? இட்லியும் சாப்பாடுதான?"

"எல்லா டப்பாவும் இந்த ஒரே டிரம்லயா?"

"ஒண்ணா வெரவி. இட்லி என்னா மெதுவா வருது தெரியுமா!"

நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது மாவுச் சாக்கின் மேல் என்பது பிறகுதான் தெரிந்தது. தீனி எல்லோருக்கும் போய்விட்டது, சரி. ஆனால் அதைத் தின்கிற ஆள் எப்படி எல்லோர் வயிற்றுக்கும் போனான்?

"தயிர்? நாங்க குடுத்த உறையை அவங்கவங்க வீட்ல தனியாத்தானே ஊத்தினீங்க?"

"மொதல்ல அப்படித்தான் ஊத்துனோம். எனக்கு நீங்க தந்தது நீர்த்துப்போயி ஒரே புளிப்பு. எதுத்த வீட்டுல கத்தி வச்சி வெட்டுத மாதிரி கட்டியா ஒறைஞ்சிருந்திச்சி. அதுல ஒரு கரண்டி வாங்கி ஊத்துனேன். மாவு வாங்க வாரவுகல்லாம், யக்கா ஒறை நல்லாருக்கே, எனக்குக் கொஞ்சம்னு கேட்டாவ. ஒறைமோர் கேட்டு வந்தா இல்லங்க முடியுமா?"

அறுபத்திரண்டு வீட்டுக்கும் போயிருந்தது. வீட்டுக்கு வீடு குலுக்கிப் போட்டவள் நான். லைன் லைனாகப் பிரிக்காமல், எதிர் எதிர் வீடுகளுக்கு வேறு வேறு டப்பா கொடுத்தவள் நான். கணக்குப்படி அதுதான் சுத்தமான முறை. உறைமோர் என்பது எதிர்வீட்டில் வாங்குகிற பொருள் என்பது எனக்குத் தெரியாதா? என் அம்மா வாழ்நாள் முழுக்க வாங்கியவள். கணிப்பொறி முன்னால் உட்கார்ந்ததும் அது மறந்துபோயிருக்கிறது.

ஷெட்டுக்கு வெளியே வந்து ரகோத்தமனைக் கூப்பிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே சந்தோஷம் பொங்கியது. "டாக்டர், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கினது ஏன் தெரியுமா? ரெண்டு பக்கமும் உங்க ஆளைத்தான் சாப்பிட்டிருக்காங்க. அதுவும் ஆறுல ஒரு பங்கு தீனியில! உங்க உறை ஜெயிச்சிடுச்சு!"

அவர் சிரிக்கவில்லை. "கனி, அந்தக் காலனியில இன்சுலின் போடுறவங்க எத்தனை பேர்?"

பதினோரு பேர். சோதனையில் சேர்க்காததால் அவர்களைப் பற்றி என்னிடம் ஒரு வரிகூட இல்லை. சேர்க்காதவர்களை நாங்கள் பார்க்கவே இல்லை. என் சந்தோஷம் அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு வீட்டுக்கும் ஓடினேன். பத்துப் பேர் தப்பித்திருந்தார்கள். சர்க்கரை இறங்கியதைப் பார்த்து அவர்களுடைய டாக்டரே ஊசி அளவைக் குறைத்திருந்தார். பதினோராவது ஆள் நயினார்.

நயினார் மில்லில் பிட்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லக்கூடியவர் என்று காலனியில் சொன்னார்கள். நாலு மாதத்துக்கு முன்னால், காலை பதினோரு மணிக்கு, ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். சர்க்கரை முப்பத்தெட்டு. கை உள்ளே போயிருக்க வேண்டியது, சட்டையோடு தப்பித்தது. சாப்பிடாமல் ஊசி போட்டிருப்பாய் என்று ஆஸ்பத்திரியில் திட்டியிருக்கிறார்கள். சாப்பிட்டேன் என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மில்லில் இனி மெஷின் பக்கம் நிற்கக் கூடாது என்று சொல்லி ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி சந்தனமாரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு என்ன சாப்பிட்டேன்னு கேட்டாவ. ஆறு இட்லி, ஒரு செம்பு மோருன்னு சொன்னேன்" என்றார் நயினார். "ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பேச்சியக்காதான் தயிர்ச்சோறு கொண்டாந்தாவ. மறுநாளும் சர்க்கர ஏறாமலே கெடந்துச்சி. அதுவும் இதானா?"

"ஆமா."

"எனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சோன்னு நானே நெனச்சேன் மேடம். சாப்பிட்டதாவே நெனச்சிக்கிட்டு சாப்பிடாம போயிருக்கோமோன்னு. நாலு மாசம் நெனச்சேன். முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?"

நான் அதை நோட்டில் குறித்துக்கொண்டு, இப்போது எத்தனை யூனிட் போடுகிறீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். நாற்பதிலிருந்து எட்டுக்கு வந்திருந்தது.

குழுவிடம் எதையும் மறைக்கவில்லை. ரகோத்தமனும் மறைக்கச் சொல்லவில்லை. அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்த விஷயம் அது. குழு இரண்டு நாள் கூடிப் பேசி ஒரு முடிவு அனுப்பியது. உடம்பில் இந்த உயிரி ஏறிய ஒவ்வொருவரும், சோதனையில் தொடரச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ போடலாம். இன்சுலின்காரர்களை டாக்டர் தினமும் பார்க்க வேண்டும். எல்லோரும் போட்டால் முழுக் காலனியையும் ஒரே குழுவாக எடுத்துக்கொண்டு மேலே நடத்தலாம். ஒருவர் மறுத்தாலும் தீனியை நிறுத்திவிட வேண்டும். ஒரே கிரைண்டரும் ஒரே உறையும் ஓடுகிற இடத்தில் மறுத்தவரை மட்டும் காப்பாற்ற முடியாது என்பது அவர்கள் வாதம். கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

தீனி நின்றால் பத்து நாளில் எல்லோர் வயிற்றிலும் அது செத்துவிடும். பேச்சித்தாய் காலில் முக்கால்வாசி மூடிய புண் திரும்பத் திறக்கும். ஆஸ்பத்திரியில் குறித்த நாளை யாரும் அடித்துவிடவில்லை.

வியாழக்கிழமைக்குள் இருநூற்றுப் பத்துக் கையெழுத்து வந்தது. வராதது நயினாருடையது.

புதன்கிழமையே ஒரு தடவை போயிருந்தேன். வியாழன் மதியம் ஸ்டோருக்கே போனேன். நூல் கோன் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கே நல்லதுதானே நயினார் அண்ணாச்சி? நாப்பது யூனிட் எட்டாயிருக்கு."

"நல்லதுதான். யாரு இல்லேங்கா?"

"டாக்டர் தினமும் பாப்பார். இனிமே பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

"பெரும்பாலும்னா?"

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு."

"அந்த மூணு பேருக்குப் பேரு இருக்கும்லா?"

நான் பேச்சித்தாயின் காலைப் பற்றிச் சொன்னேன். புதன்கிழமையும் சொல்லியிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கோனை எடுத்து உருட்டிக்கொண்டே பேசினார்.

"நல்லதா கெட்டதாங்கதில்ல மேடம் பேச்சு. எங்கிட்டக் கேக்காம எனக்குள்ள ஒண்ணு வந்து உக்காந்துச்சி. நான் விழுந்ததுக்கு என்னையவே குத்தம் சொன்னாவ. இப்போ எல்லாம் முடிஞ்ச பொறவு வந்து, மனப்பூர்வமா சம்மதிக்கேன்னு எழுதுங்கிறீங்க. எந்த மனசு, எந்தப் பூர்வம்?"

பிடிவாதக்காரர் என்று நினைத்தேன். நியாயமான பிடிவாதம்தான், ஆனாலும் ஒரு பெண்ணின் கால் போகப் போகிறதே என்று ஆத்திரம் வந்தது. அதை அடக்கிக்கொள்ளாமலே பேச்சித்தாயிடம் போய், நீங்களாவது அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றேன்.

"பேச மாட்டேன்" என்றார் பேச்சித்தாய். "கை போயிருந்தா அந்தத் தம்பி என்ன செஞ்சிருக்கும்? எங்கால வச்சி அவனக் கெஞ்ச எனக்கு என்ன மொகம் இருக்கு? நீங்களும் இனிமே போகாதீங்க."

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து காலனியின் மனமகிழ் மன்றத்தில் கேரம் போர்டு மேஜை மேல் படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் ஷிப்ட் விட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள். பேச்சித்தாய் ஓர் ஓரமாக நாற்காலியில் இருந்தார். யாரும் நயினார் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு நயினார் வந்தார். எனக்கு எதிரே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மொத்தம் எத்தன பேரு மேடம்?"

"இருநூத்திப் பதினொண்ணு. உங்களுது ஒண்ணுதான் வரணும்."

"இல்ல. இருநூத்திப் பன்னெண்டு."

பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். என் பட்டியல் தப்பாக இருக்காது. "யாரை விட்டுட்டேன்? சொல்லுங்க."

"எங்க வீட்டுக்கு மொத வாரம் வந்தப்ப நாலு இட்லி சாப்பிட்டீங்க. நல்லாருக்குன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாவன்னு எம்பொண்டாட்டி எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுதா. இந்தக் காலனியில நீங்க மோர் குடிக்காத வீடு எது?"

பயனாளிகள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று எங்கள் பெண்களுக்கு விதி எழுதிக் கொடுத்தவள் நான். அந்த விதி எனக்குப் பொருந்தும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எண்ணுகிறவள் எண்ணிக்கைக்குள் வருவாள் என்றும் நினைத்ததில்லை.

எழுந்து போய் ஜன்னல் ஓரமாக நின்று ரகோத்தமனைக் கூப்பிட்டேன்.

"ஓ. ஆமாம் இல்லை?" என்றார் அவர். "உனக்குத்தான் சுகர் கிடையாதே, கனி. சுகர் இல்லாத உடம்புல அவன் சும்மா இருப்பான். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

"பெரும்பாலும்னா?"

"கனி, நீயா கேட்கிறே?"

வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. என் வயிறு, என் உடம்பு, மூன்று வாரமாக எவனோ ஒருவன் உள்ளே உட்கார்ந்துகொண்டு நான் சாப்பிடுவதை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறான். திரும்பிப் பேச்சித்தாயைப் பார்த்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா!" என்று கத்திவிட்டேன்.

"எனக்கே தெரியாதே மேடம்" என்றார் அவர்.

நயினார் என்னைப் பார்த்தார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதே வார்த்தையை இந்த மனிதர் தன் வீட்டில் உட்கார்ந்து சொன்னபோது, நோட்டில் குறித்துக்கொண்டு யூனிட் கணக்குக் கேட்டவள் நான்.

அவர் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "போட்டே ஆகணும்னு இல்ல. வேண்டாம்னு தோணிச்சின்னா வேண்டாம்னு சொல்லுங்க, நானும் உங்க கூட நிக்கேன். பேச்சியக்கா காலப் பத்தி நீங்க எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னீங்க. நான் உங்ககிட்ட ஒரு தடவகூடச் சொல்ல மாட்டேன்."

அந்தப் படிவத்தை எழுதியவளும் நான்தான். நூறு தடவை திருத்தியிருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவளாக அதைப் படித்தது அன்றுதான் முதல் தடவை. 'அனைத்து விவரங்களும் எனக்கு முன்கூட்டியே விளக்கப்பட்டன. முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' இரண்டு வாக்கியத்தில் முதலாவது பச்சைப் பொய். இருநூற்றுப் பத்துப் பேரை அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். இதைச் சொல்லத்தான் அந்த மனிதர் மூன்று நாளாக முயன்றிருக்கிறார்.

பத்து நிமிஷம் யோசித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது, சொல்ல ஆசையும் இருந்தது. சென்னைக்குப் போய்ப் பத்து நாள் என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டால் ஒழிந்துபோகும் என்றும் தெரியும். ஆனாலும் ஆறு மாதக் கணக்கு முழுவதையும் பார்த்தவள் நான். அந்த உறை வேலை செய்கிறது. எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

முதல் வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தேன். கீழே கையால் எழுதினேன்: 'என்னிடம் கேட்காமலே இது என் உடம்புக்குள் வந்தது. இன்றுதான் கேட்டார்கள். இருக்கட்டும் என்று சொல்கிறேன்.' கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் போட்டேன்.

நயினார் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இப்படி எழுதலாமா? ஒத்துக்கிடுவாவளா?"

"ஒத்துக்கத்தான் வேணும். உண்மை இதுதானே?"

அவர் என் பேனாவை வாங்கி, தன் படிவத்தில் அதே வாக்கியத்தை அடித்து, அதே மூன்று வரியை எழுதினார். நாலாவதாக ஒரு வரி சேர்த்தார்: 'நான் சாப்பிட்டுத்தான் ஊசி போட்டேன் என்று மில்லுக்கு எழுதித் தர வேண்டும்.' பிறகு கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தை அங்கேயே, அப்போதே எழுதிக் கொடுத்தேன்.

சந்தனமாரிதான் முதலில் வந்து, என் படிவத்தைத் திருப்பித் தாருங்கள், நானும் எழுத வேண்டும் என்றார். அப்புறம் வரிசை கட்டிவிட்டார்கள். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்தேன். எழுதத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். சிலர் அவரவருக்குத் தோன்றியதையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பொடி வாயில் வைக்க முடியவில்லை என்று மட்டும் பதினேழு பேர் எழுதியிருந்தார்கள்.

கடைசியாகப் பேச்சித்தாய் வந்தார். அவரும் முதல் வாக்கியத்தை அடித்தார். ஆனால் நான் எழுதியதைப் பார்த்து எழுதவில்லை. எழுத்துக் கூட்டி, மெதுவாக, ஒரே வரி எழுதினார்: 'கேட்காமல் கொடுத்தது நான்.'

அதை அப்படியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவர் பெயருக்குக் கீழே இடம் இருந்தது. 'குலுக்கிப் போட்டது நான். இவர்கள் உறைமோரை எப்படிப் பகிர்ந்துகொள்வார்கள் என்று கேட்காமல் போட்டேன்' என்று எழுதி என் கையெழுத்தையும் போட்டேன். நாலு ஐம்பத்தெட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. கையால் எழுதிய வரிகளோடு படிவங்களை ஏற்றுக்கொள்கிறோம், இன்சுலின்காரர்களுக்கு மேற்பார்வை கட்டாயம் என்று இரண்டே வரி. திங்கட்கிழமை காலை தீனி டப்பாக்கள் வேனில் வந்து இறங்கின. இந்தத் தடவை எல்லாம் ஒரே எண்.

நான் ஊருக்குக் கிளம்பப் பெட்டியோடு கிரைண்டர் ஷெட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். கதவு சாத்தியிருந்தது. அரிசி ஊறிக்கொண்டிருந்தது, டிரம் திறக்காமல் இருந்தது. மாவாட்டுகிற நேரத்தில் எங்கே போய்விட்டார் என்று முதலாம் லைன் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

பேச்சித்தாய் நயினார் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "தம்பி, இன்னைக்கு மாவுல பொடி போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து, "போடுங்கக்கா" என்று சத்தம் வந்தது. அடுத்த வீட்டுக்குப் போனார், அங்கேயும் அதையே கேட்டார். அப்படியே ஒவ்வொரு வாசலாக, எட்டு லைனையும் தன் இரண்டு கால்களால் நடந்து முடித்துவிட்டு வந்துதான் டிரம்மைத் திறந்தார்.